டிங்கி துண்டறிக்கை: போட்டோஸ்டேட் எடுத்தால் புள்ளி காணாமல் போகிறது, உதவி தேவை

செந்தூல்_செல்வி:
எல்லோருக்கும் வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் மறுபடியும் டிங்கி (டெங்கு) காய்ச்சல். போன வாரம்தான் வந்து புகை அடித்துவிட்டுப் போனார்கள். ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கத்தார் சங்கம்) சார்பில் தமிழில் ஒரு துண்டறிக்கை போடும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். கம்ப்யூட்டர் தெரிந்தவள் என்பது ஒன்றுதான் என் தகுதி. ஏ4 தாளில் இரண்டு பக்கமும் அடித்து மூன்றாக மடிக்கிற மாதிரி கேன்வா என்ற இணைய வடிவமைப்புக் கருவியில் செய்திருக்கிறேன். படிக்கப் போகிறவர்கள் அறுபது தாண்டியவர்கள், பகலில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள்.

திரையில் பளிச்சென்று இருந்தது. கடையில் கறுப்பு வெள்ளையில் மாதிரி எடுத்தால் ஒற்றெழுத்துப் புள்ளி பாதி இல்லை, ‘தண்ணீர்’ ‘தணணீர’ ஆகிவிட்டது. சிவப்புப் பட்டையில் வெள்ளையில் போட்ட தலைப்பு மங்கல். வேர்டில் தட்டிய இன்னொரு பக்கத்தைக் கடைக்காரர் தன் கணினியில் திறந்தபோது கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நின்றது. எழுத்தின் அளவு 9 புள்ளி (பாயிண்ட்), சாம்பல் நிறம். வண்ணத்தில் அடிக்கப் பணம் இல்லை. என்ன செய்யலாம்?

பினாங்கு_அச்சு:
தங்கச்சி, ஜார்ஜ் டவுனில் பல வருஷமாக அச்சு வேலை பார்க்கிறேன், இந்தக் கேஸ் வாரத்துக்கு ஒன்று வரும். போட்டோஸ்டேட் மெஷினில் இருப்பது கறுப்புப் பொடி மட்டும்தான். சாம்பலைக் காட்ட அது கறுப்புப் புள்ளிகளை இடைவெளி விட்டுத் தெளிக்கும். உங்கள் எழுத்து சாம்பல், அதுவும் 9 புள்ளி, மெல்லிய கோடு. ஒற்றின் புள்ளியும் மெஷின் தெளிக்கிற புள்ளியும் கிட்டத்தட்ட ஒரே அளவு. இடைவெளியில் விழுந்தால் போச்சு. ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், எழுத்தின் ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி இருக்கும். சிவப்புப் பட்டையும் அங்கே புள்ளிக் காடுதான், நடுவில் வெள்ளை எழுத்து தாங்காது.

அதனால் எழுத்து முழுக் கறுப்பு, வெள்ளைத் தாள். பெரியவர்களுக்கு 14 புள்ளி வையுங்கள், எந்தக் காரணத்துக்கும் 12க்குக் கீழே இறங்காதீர்கள். மெல்லிய ரகம் வேண்டாம். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துரு இலவசம், அதில் சாதாரண கனம் போதும். மேக் கணினி வைத்திருந்தால் நம்ம ஊர் முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி உள்ளேயே இருக்கிறது. வரி இடைவெளி ஒன்றரை மடங்கு கொடுங்கள். தமிழில் மேலே விசிறி, கீழே சுழி என்று எழுத்து இரண்டு பக்கமும் நீளும், ஆங்கிலத்துக்கு வைக்கிற இடைவெளியில் ‘கு’வின் காலும் அடுத்த வரி ‘கி’யின் தலையும் முட்டிக்கொள்ளும். இரண்டு ஓரமும் சமமாக இழுத்துக் கட்டாதீர்கள். நம்ம சொல் நீளம், மடிப்புப் பத்தி குறுகல், நடுவில் ஓட்டை ஓட்டையாக விழும். இடது ஓரம் நேராக இருந்தால் போதும்.

கொம்பு பிரிவது கடைக்காரர் மென்பொருளின் கோளாறு. எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் மட்டும் கொடுங்கள், வேர்டு கோப்பு வேண்டாம். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்கிறவர்களுக்கு: பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்தால்தான் தமிழ் ஒழுங்காக உட்காரும்.

கோடும்_கட்டமும்:
மடிப்பையும் பாருங்கள். ஏ4இன் நீளம் 297 மிமீ. அதைச் சரிசமமாக 99 வைத்து மூன்றாக்கினால் உள்ளே போகிற மடல் முட்டி வளையும். 100, 100, 97 என்று பிரியுங்கள். வெளிப்பக்கத்தில் 97 இடது ஓரம், உள்பக்கத்தில் அதே 97 வலது ஓரம். இரண்டு பக்கமும் அடிக்கும்போது குறுகிய ஓரத்தில் திருப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பின்பக்கம் தலைகீழாக வரும்.

தாதி_மாலதி:
எழுத்தெல்லாம் சரி. உள்ளே என்ன எழுதியிருக்கிறீர்கள், எந்த வரிசையில்? படம் போடுங்களேன்.

செந்தூல்_செல்வி:
அண்ணா, நன்றி! கறுப்பாக்கிப் பார்த்தேன், புள்ளியெல்லாம் திரும்பி வந்துவிட்டது. அக்கா, படம் இணைத்திருக்கிறேன். முதல் மடலில் தலைவர் படமும் முன்னுரையும், அப்புறம் டிங்கி என்றால் என்ன, ஏடிஸ் கொசுவின் வாழ்க்கை, மாநில வாரியாக வட்ட வரைபடம், கடைசி மடலில் அறிகுறிகள். போன வருஷத்தைவிட எங்கள் புளோக்கில் கேஸ் இரண்டு மடங்கு என்று காட்ட ஒரு சின்னக் கொசு, பக்கத்தில் ஒரு பெரிய கொசு.

தாதி_மாலதி:
தங்கச்சி, கோபித்துக்கொள்ளக் கூடாது. உயிரைக் காப்பாற்றுகிற விஷயம் கடைசி மடலில் இருக்கிறது, அதுவரை யார் படிப்பார்கள்?

வார்டில் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: “நேத்தே காய்ச்சல் விட்டுடுச்சு, சரியாப் போச்சுன்னு நினைச்சோம் மிஸ்ஸி.” டிங்கியில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம். பெரும்பாலும் 3ஆம் நாளிலிருந்து 7ஆம் நாளுக்குள் அது வரும். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கி 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கலாம். அந்த நேரத்தில் கடும் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், தூங்கி வழிகிற சோர்வு, இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. ஆள் துவண்டுவிட்டால் 999.

இதை முதல் மடலில் தலைப்பாகவே போடுங்கள்: ‘காய்ச்சல் விட்டதா? இப்போதுதான் கவனம்.’ உள்ளே ஏழு கட்டம் வரைந்து 3 முதல் 7 வரை தடித்த கோடு போடுங்கள் (சாம்பல் நிறம் வேண்டாம், அண்ணன் சொன்ன காரணம்தான்). அதன் கீழேயே அறிகுறிகள். பனடால் மாதிரி பாராசிட்டமால் சாப்பிடலாம், அட்டையில் உள்ள அளவு தாண்டாமல். ஆஸ்பிரின், இபுபுரோஃபென் கூடாது, இரத்தக் கசிவைக் கூட்டும். இதை ஒரு வரியில் எழுதுங்கள். நம்ம பெரியவர்கள் பக்கத்து வீட்டு மூட்டுவலி மாத்திரையைக் காய்ச்சலுக்கும் போட்டுவிடுவார்கள்.

கொசுவின் வாழ்க்கை வரலாற்றில் அவர்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போல ஆகும், அதனால் வாரம் ஒரு தடவை தேங்கிய தண்ணீரைக் கொட்டித் தேய்க்க வேண்டும். முட்டை காய்ந்த பாத்திரத்தில்கூட மாதக் கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும், ஆகவே தேய்ப்பதை விடக்கூடாது. பூச்சட்டித் தட்டு, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர்த் தட்டு, காரிடாரில் வைத்த பழைய வாளி என்று உங்கள் புளோக்கில் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்.

கோடும்_கட்டமும்:
வட்ட வரைபடத்தை எடுத்துவிடலாம். ஜொகூரில் எத்தனை கேஸ் என்று தெரிந்து செந்தூல் பாட்டி என்ன செய்யப் போகிறார்? எண்ணைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பட்டை வரைபடம் போடுங்கள். வட்டத்தின் கோணத்தைவிட ஒரே அடிக்கோட்டில் நிற்கிற பட்டைகளைக் கண் சரியாக ஒப்பிடும் என்று கிளீவ்லண்ட், மெக்கில் என்ற புள்ளியியலாளர்கள் 1984லேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள்.

அந்தப் பெரிய கொசுவில் ஒரு பொய் இருக்கிறது. உயரத்தை இரண்டு மடங்காக்கினால் அகலமும் இரண்டு மடங்காகும், பரப்பு நான்கு மடங்கு. கண் பரப்பைத்தான் பார்க்கும். 1920களில் வியன்னாவில் ஓட்டோ நியூரத் இதற்கு வைத்த விதி: கூடுதல் என்றால் ஒரே அளவுப் படத்தை அதிக எண்ணிக்கையில் போடு, பெரிதாக்காதே. போன வருஷத்துக்கு நான்கு கொசு, இந்த வருஷத்துக்கு எட்டு, அவ்வளவுதான்.

செந்தூல்_செல்வி:
தலைவர் படத்தை எடுக்கச் சொன்னால் கூட்டத்தில் என்னை எடுத்துவிடுவார்கள். 😅 மலாயும் சேர்த்து அதே தாளில் போடச் சொல்கிறார்கள் வேறு.

பினாங்கு_அச்சு:
படத்தைப் பின் மடலின் அடியில் சின்னதாகப் போடுங்கள். சின்னங்கள் எல்லாமும் அங்கேதான். மலாயைக் கலக்காதீர்கள், எழுத்து 8 புள்ளிக்கு இறங்கிவிடும். வேறு தாளாக அடித்துத் தேவைப்படுகிற வீட்டுக்குக் கொடுக்கலாம்.

என் சொந்தக் கருத்து: மடிப்பே தேவையில்லை. ஏ4இல் ஒரு பக்கம், லிஃப்ட் பக்கத்தில் ஒட்டு, வீட்டுக்கு ஒன்று கொடு.

தாதி_மாலதி:
அதில் எனக்கு உடன்பாடில்லை அண்ணா. காய்ச்சல் வருகிற ராத்திரி லிஃப்ட் வாசலுக்கு யார் போய்ப் படிப்பது? மடிப்பு வீட்டில் இருக்கட்டும்.

தங்கச்சி, அடிப்பதற்கு முன்னால் நாலைந்து பெரியவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். “நல்லா இருக்கா பாட்டி?” என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். “பேரனுக்கு நேத்து ராத்திரி காய்ச்சல் விட்டுடுச்சு, இன்னிக்கு வயிறு வலிக்குதுங்கிறான், என்ன செய்வீங்க, இதுல எங்க இருக்கு காட்டுங்க” என்று கேளுங்கள். விரல் எங்கே போகிறது என்று பாருங்கள்.

செந்தூல்_செல்வி:
கேட்டுப் பார்த்தேன் அக்கா. தலைப்பு எல்லோருக்கும் பிடிபட்டது. ஆனால் மூன்றாம் மாடி அண்டி ஏழு கட்டத்தைப் பார்த்துவிட்டு, “ஒண்ணாம் தேதியிலிருந்து ஏழாம் தேதி வரைக்கும்தான் ஆபத்தா?” என்றார். நான் கட்டத்தில் 1, 2, 3 என்று மட்டும் போட்டிருந்தேன். இன்னொரு தாத்தா மருந்துப் பெயரைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தன் மாத்திரை டப்பாவை எடுத்து வந்து காட்டினார், இதய டாக்டர் கொடுத்த ஆஸ்பிரின். நிறுத்தவா என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.

தாதி_மாலதி:
அவராக நிறுத்தக் கூடாது! காய்ச்சல் இல்லாதபோது வழக்கம்போல் சாப்பிடட்டும். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே கிளினிக் போய் அந்த மாத்திரையைக் காட்டிக் கேட்க வேண்டும். ‘டாக்டர் தினமும் சாப்பிடச் சொன்ன மாத்திரை இருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், கேளுங்கள்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நல்லவேளை, கேட்டுப் பார்த்தீர்கள்.

கோடும்_கட்டமும்:
முதல் கட்டத்தில் ‘காய்ச்சல் தொடங்கிய நாள்’ என்று எழுதி, ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே பேனாவால் தேதி எழுத ஒரு கோடு விடுங்கள். தேதிக் குழப்பம் போய்விடும். கிளினிக்கில் “எத்தனையாவது நாள்?” என்று கேட்டால் தாளை நீட்டினால் போதும்.

செந்தூல்_செல்வி:
மாற்றிவிட்டேன். அண்டி இப்போது சரியாகக் காட்டுகிறார். கடைசிக் கேள்வி: 80 கிராம் தாளில் பின்பக்கத்து எழுத்து லேசாகத் தெரிகிறது, தடித்த கோடு போட்ட இடத்தில் ரொம்ப. 100 கிராம் வாங்கலாமா?

பினாங்கு_அச்சு:
வாங்கலாம், மொத்தமாக எடுத்தால் விலை அவ்வளவு ஏறாது. பளபளப்புத் தாள் மட்டும் வேண்டாம், பேனா மை நிற்காது, தேதி எழுத முடியாமல் போகும்.