மணிக்கட்டு அதிராமல் ஓட்ட எந்த அகல டயர், எந்த அளவுச் சக்கரம்?

கேள்வி – சேரன்மகாதேவிக்காரர்

அனைவருக்கும் வணக்கம். காலையில் சேரன்மகாதேவியிலிருந்து வீரவநல்லூர் வழியாகக் கல்லிடைக்குறிச்சி வரை சென்று, திரும்பும்போது இயன்றவரை கன்னடியன் கால்வாய்க் கரையில் வருவது என் வழக்கம். என்னிடம் இருப்பது 700 x 35 (35 மி.மீ. அகலம்) டயர் போட்ட ஹைபிரிட் சைக்கிள், அதாவது தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவானது. முன்னால் ஷாக் கிடையாது, டிஸ்க் பிரேக் உண்டு. என் எடை 78 கிலோ, வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. கரையிலுள்ள சரளையிலும் ஊர்களுக்குள் வரும் வேகத்தடைகளிலும் ஏற்படும் அதிர்வு மணிக்கட்டுக்கும் முதுகுக்கும் ஏறுகிறது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது போல 75 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரை காற்று அடிக்கிறேன். கடைக்காரர் 29 அங்குலச் சைக்கிளைச் சொல்கிறார். நண்பர் ஒருவரோ 27.5 அங்குலம்தான் சொகுசு என்கிறார். புதிதாக வாங்காமல், டயரை மட்டும் அகலமாக்கினால் போதுமா? அகல டயர் மிதிப்பதற்குக் கனமாகிவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது.

பதில் – பாளையங்கோட்டை

அண்ணாச்சி, எதையும் வாங்குவதற்கு முன்னால் காற்றைக் குறையுங்கள். டயரில் பெரும்பாலும் அச்சிடப்படுவது அது தாங்கக்கூடிய உச்ச அளவு. ஓட்டுபவரின் எடைக்கும் சாலைக்கும் பொருந்தும் அளவு அதுவல்ல. சக்கரம் பாரத்தை ஏற்கும்போது டயரின் உயரம் ஏறக்குறைய 15 சதவீதம் அமுங்க வேண்டும் என்பது ஃபிராங்க் பெர்ட்டோ என்ற சைக்கிள் தொழில்நுட்ப எழுத்தாளர் வகுத்த கணக்கு. பின்சக்கரமே அதிகப் பாரத்தைச் சுமப்பதால் இரண்டுக்கும் ஒரே அளவு காற்று அடிப்பது சரியன்று. உங்கள் எடைக்கு 35 மி.மீ. டயரில் முன்னால் 45, பின்னால் 55 என்று தொடங்கி, ஓட்டிப் பார்த்து இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. ஏற்றவோ இறக்கவோ செய்யுங்கள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதை நம்ப வேண்டாம். அளவுமானி உள்ள பம்பு ஒன்று அவசியம்.

சக்கர அளவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 700 என்பதும் 29 அங்குலம் என்பதும் ஒரே ரிம்தான். டயர் உட்காரும் இடத்தில் இரண்டுக்கும் விட்டம் 622 மி.மீ. மெல்லிய டயர் போட்டால் 700 என்றும், பருத்த டயர் போட்டால் 29 என்றும் விற்கிறார்கள். 27.5 அங்குலத்துக்கு அந்த விட்டம் 584, பழைய மலைச் சைக்கிளின் 26 அங்குலத்துக்கு 559. ஆகவே கடைக்காரர் காட்டும் 29 சொகுசாகத் தெரிவதற்குக் காரணம் அதில் இருக்கும் 50 மி.மீ.க்கு மேற்பட்ட டயரே தவிர, சக்கரத்தின் சுற்றளவு அன்று. நம் ஊர்களில் வாழைத்தாரும் நெல்மூட்டையும் சுமந்த பழைய 28 அங்குலச் சைக்கிளில்கூட டயரின் அகலம் 40 மி.மீ. இருந்தது. ஆனால் அந்த டயரை வாங்கிவிடாதீர்கள். அதன் ரிம் 635 மி.மீ., உங்களுடையதில் உட்காராது. சில வெளிநாட்டு டயர்களில் 622 அளவுக்கும் 28 என்றே எழுதியிருப்பதால், அங்குலத்தைப் பார்க்காமல் ‘40-622’ (டயர் அகலம் 40, ரிம் விட்டம் 622 மி.மீ.) என்பது போன்ற எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

பதில் – வள்ளியூர்

முன்னவர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். இருப்பினும் சக்கரத்தின் அளவுக்குப் பங்கே இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. பெரிய சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் மோதும் கோணம் குறைவு என்பதால் அது சற்று எளிதாக ஏறிக் கடக்கும். 622க்கும் 584க்கும் இடையே அந்த வேறுபாடு சிறியது, அகலத்தால் கிடைக்கும் பயனோடு ஒப்பிட முடியாதது. உயரம் குறைந்தவர்களுக்கோ, 29 சைக்கிளைத் திருப்பும்போது கால்விரல் முன்சக்கரத்தில் இடிக்கும் தொல்லையும் உண்டு.

மிதிப்பதற்குக் கனமாகுமா என்று கேட்டிருந்தீர்கள். ஒரே காற்றழுத்தத்தில் அகல டயர் குறுகிய டயரைவிட இலகுவாகவே உருளும். கரடுமுரடான தரையில், கடினமாகக் காற்றடைத்த டயர் ஒவ்வொரு கல்லிலும் உங்களையும் சைக்கிளையும் தூக்கிப் போடுவதிலேயே உழைப்பை வீணாக்குகிறது. உண்மையில் இழுவையைத் தருவது தடித்த ரப்பரும் பெரிய கட்டைப் பூக்களும்தான். ஆகவே நடுப்பகுதி வழவழப்பாகவும் ஓரங்களில் மட்டும் சிறு பூக்களும் உள்ள டயரைத் தேர்ந்தெடுங்கள். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் எதிர்க்காற்றில் எங்கள் பக்கம் ஓட்டும்போது, டயர் சற்று அகலமாக இருப்பதால் கூடும் தடை உடலின் மீது மோதும் காற்றுக்கு முன்னால் பொருட்டே அன்று.

பதில் – திசையன்விளை

இரண்டு எச்சரிக்கைகள். காற்றை மிகவும் குறைத்தால் வேகத்தடை விளிம்பிலோ கல்லிலோ டியூப் ரிம்மோடு நசுங்கி, பாம்பு கடித்தது போல இரட்டைத் துளை விழும். நம் பக்கத்துக் கரைகளில் உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் கிடப்பதால், டயரின் அடியில் பாதுகாப்புப் பட்டை உள்ளதை வாங்குங்கள். சிறிது எடை கூடினாலும் பரவாயில்லை. தேரிக்காட்டுச் செம்மணலில் ஓட்டுபவருக்கு 4 அங்குல டயர் தேவைப்படலாம். கால்வாய்க் கரைக்கு அது வீண் சுமை.

சேரன்மகாதேவிக்காரர்

மிக்க நன்றி. டயர் இருக்கும் இடத்தில் போர்க்கின் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையின்) உள் அகலம் 52 மி.மீ., பின்னால் சங்கிலிப் பக்கத் தண்டுகளுக்கு இடையே 50 மி.மீ. மட்கார்டு இல்லை. டிஸ்க் பிரேக் இருப்பதால் 27.5 சக்கரம் மாற்றிப் போடலாமா?

பதில் – பாளையங்கோட்டை

டிஸ்க் பிரேக் ரிம்மைப் பிடிப்பதில்லை என்பதால் அது இயலும்; ஆனால் சைக்கிளின் உயரம் இப்போதுள்ளபடியே இருக்க வேண்டுமானால் 54-584 டயர் வேண்டும். அது உங்கள் 50 மி.மீ. இடைவெளியில் நுழையாது. அதைவிட ஒல்லியான டயர் போட்டால் பெடல் தரைக்கு நெருங்கிவிடும். இரண்டு சக்கரங்களின் விலையும் சேரும். பக்கத்துக்கு 5 மி.மீ. இடைவெளி விட்டால் பின்னால் 40-622, முன்னால் 42-622 பொருந்தும்; இரண்டும் ஒரே அகலமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. போர்க்கின் மேற்பகுதியிலும் உயரத்துக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பின்னால் 48, முன்னால் 38 பி.எஸ்.ஐ. வைத்துத் தொடங்கலாம், மணிக்கட்டு இப்போது தொல்லை தருவதால், கிடைத்தால் முன்டயரையே முதலில் மாற்றுங்கள்.