மலைமேல் குடும்பத்தோடு விண்மீன் பார்த்த இரவுகள்

விண்மீன்களைப் பார்ப்பதற்காகவே குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு மலைப்பகுதிகளுக்குச் செல்லத் தொடங்கிய பிறகு, எங்கள் குடும்பத்தில் அனைவரும் ஒப்புக்கொண்ட உண்மை ஒன்று உண்டு. ஓர் இரவு நன்றாக அமைவது நாம் கொண்டுபோகும் கருவியைப் பொறுத்ததன்று. இருட்டை எவ்வளவு நேரம் கெடாமல் காக்கிறோம் என்பதைப் பொறுத்தது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தவுடன் கண்ணின் பாவை விரைவில் விரிந்துவிடுகிறது. ஆனால் விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் செல்களில் ரொடாப்சின் என்னும் நிறமி போதிய அளவு மீண்டும் சேர்வதற்கு 20 முதல் 30 நிமிடங்கள் ஆகின்றன. அதற்குள் யாராவது செல்போன் திரையைப் பார்த்துவிட்டால், காத்திருந்த நேரத்தில் பெரும்பகுதி வீணாகிவிடும்.

பெரியவர்களுக்கு அந்த அரைமணி நேரம் ஒன்றுமில்லை. குழந்தைகளுக்கு அது மிக நீளமானது. ஆகவே ஜனவரி மாதத்தில் அமாவாசையை ஒட்டிச் சென்றபோது, அந்தக் காத்திருப்பையே கார்த்திகை எண்ணும் விளையாட்டாக மாற்றிவிட்டோம். தலைக்கு மேலே நெருங்கி நின்ற அந்தக் கூட்டத்தில் எத்தனை விண்மீன்கள் தெரிகின்றன என்று முதலில் கேட்டபோது, மகன் நான்கு என்றான், மகள் ஐந்து என்றாள். சற்று நேரம் கழித்து இருவருக்கும் ஆறு தெரிந்தன. கண் முழுவதும் பழகிய பிறகு மகள் எட்டு என்று சாதித்தாள். ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவள் விரலால் காற்றில் புள்ளி வைத்துக் காட்டியதை என் பைனாகுலரில் சரிபார்த்தபோது, எட்டும் சரியான இடங்களிலேயே இருந்தன. இருட்டுக்குப் பழகுவது என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை.

அன்று மேற்கே வெள்ளிக் கோள் மிகவும் ஒளியுடன் இருந்தது. வானில் சூரியனுக்கும் நிலவுக்கும் அடுத்தபடியாகப் பிரகாசமாகத் தெரிவது அதுதான். உண்மையாகவே இருண்ட இடத்தில் அதன் ஒளிக்கும் நிழல் விழும் என்பதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாளைய ஆசை. அந்தி வெளிச்சம் முழுவதும் மறைந்த பிறகு ஒரு வெள்ளைத் தாளை வெள்ளியை நோக்கிச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, மகளை அதன்முன் கையை நீட்டச் சொன்னேன். முதலில் எதுவும் தெரியவில்லை. அவள் விரல்களை மெல்ல அசைத்ததும் தாளில் ஐந்து விரல்களும் அசைந்தன. வெள்ளி நமக்கு ஒரு புள்ளியாகவே தெரிவதால் அந்த நிழலின் விளிம்பு வெயிலில் விழும் நிழலைவிடக் கூர்மையாக இருந்தது. என் மனைவியும் மகனும் மாறிமாறிக் கையை நீட்டிப் பார்த்தார்கள். பணம் செலவழித்து வாங்கிய எந்தக் கருவியும் அவர்களை அந்த அளவுக்கு மகிழ்வித்ததில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

வெள்ளி மறைந்த பிறகு ஆண்ட்ரோமீடா விண்மீன் திரளைத் தேடினோம். ஏறத்தாழ 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் இருப்பினும் வெறும் கண்ணுக்கே அது ஒரு மங்கலான பஞ்சுத் திட்டாகத் தெரியும். மகனுக்கோ நேராகப் பார்த்தால் காணாமல் போய்விட்டது. விழித்திரையின் நடுப்பகுதி பகல் வெளிச்சத்துக்கு ஏற்றது, மங்கலானதை அதைச் சுற்றியுள்ள பகுதியே நன்றாக உணரும். எனவே அதற்குச் சற்றுப் பக்கத்தில் பார், ஆனால் கவனம் மட்டும் அதன்மேல் இருக்கட்டும் என்று சொன்னேன். சில நிமிடங்கள் பேச்சே இல்லை. பிறகு, “பார்க்காதபோதுதாம்பா தெரியுது!” என்று கத்திவிட்டான்.

எல்லாவற்றிலும் என் மனத்தில் ஆழப் பதிந்தது, மே மாதத்தில் என் தாயாரையும் அழைத்துச் சென்ற இரவு. அவருக்குச் சில மாதங்களுக்கு முன்புதான் வலக்கண்ணில் கண்புரை அறுவை சிகிச்சை நடந்திருந்தது. இடக்கண்ணில் இன்னும் செய்யவில்லை. வடகிழக்கே அபிஜித் என்னும் விண்மீன் ஏறியிருந்தபோது அவர் ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டதற்கு, “இந்தக் கண்ணுக்கு வெள்ளையில நீலம் ஓடினாப்போல இருக்குப்பா, அந்தக் கண்ணுக்கு எண்ணெய் விளக்கு மாதிரி மஞ்சளா இருக்கு” என்றார். வயதாக ஆகக் கண்ணின் இயற்கை லென்ஸ் மஞ்சளித்து நீல ஒளியைத் தடுத்துவிடுகிறது என்பதை நான் படித்திருக்கிறேன். ஆயினும் ஒரே மனிதர் ஒரே விண்மீனை இரண்டு நிறங்களில் காண்பதை அன்றுதான் அருகிலிருந்து அறிந்தேன். உடனே தெற்கே விருச்சிகத்தில் செந்நிறமாக இருந்த கேட்டையைப் பார்க்கச் சொன்னோம். அது இரண்டு கண்களுக்கும் ஏறக்குறைய ஒரே நிறம்தான் என்றார். சிவப்பொளி மஞ்சள் லென்ஸைக் கடந்துவிடும் அல்லவா? பேரப்பிள்ளைகள் அதன்பிறகு ஒவ்வொரு விண்மீனுக்கும் பாட்டியின் இரு கண்களையும் விசாரித்துக்கொண்டே இருந்தார்கள்.

அதே இரவில் மற்றொன்றும் நடந்தது. வானின் இருளை 1 முதல் 9 வரை வகுக்கும் அளவுகோல் ஒன்றை அமெரிக்க வானியல் ஆர்வலர் ஜான் போர்ட்டில் 2001-இல் வெளியிட்டார். அதில் முதல் வகுப்பே மிக இருண்டது. நாங்கள் இருந்த இடம் அவ்வளவு சிறந்ததன்று. அடிவாரத்து ஊரின் விளக்கொளி தென்வானின் கீழ்ப்பகுதியைச் சாம்பல் நிறமாக்கியிருந்தது. நள்ளிரவுக்குப் பின் பள்ளத்தாக்கில் பனிமூட்டம் நிரம்பி ஊரை அப்படியே மூடியது. மேலே எங்களுக்கு வானம் தெளிவாகவே இருந்தது; கீழிருந்து வந்த ஒளி தடைப்பட்டதும் தனுசு ராசியின் பக்கம் பால்வீதியின் இருண்ட தூசிப் பிளவுகள்கூடத் தனித்தனியே தெரியத் தொடங்கின. மனிதகுலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் தாம் வாழும் இடத்திலிருந்து பால்வீதியைக் காணமுடியாது என்று 2016-இல் வெளியான ஒளிமாசு வரைபடம் கணித்தது. விளக்கை மறைத்தாலே வானம் திரும்பிவிடுகிறது என்பதற்கு அந்தப் பனிமூட்டத்தைவிட நேரடியான சான்று எனக்குத் தேவையில்லை.

செல்ல விரும்புவோர் குளிரைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறைகிறது. அசையாமல் தரையில் படுத்திருப்பவருக்கு அது இன்னும் கூடுதலாகத் தோன்றும். பாயின் கீழே தடித்த விரிப்பு ஒன்று அவசியம். பெரியவர்களுக்குக் கழுத்து வலிக்காமல் சாய்ந்திருக்கும் நாற்காலி வேண்டும். கழிவறைக்குச் செல்லும் வழியை வெளிச்சம் இருக்கும்போதே எல்லோருக்கும் காட்டிவிடுவதும், டார்ச்சைச் சிவப்புத் தாளால் மூடிவைப்பதும், காரின் கதவைத் திறந்தால் எரியும் விளக்கை முன்கூட்டியே அணைத்துவிடுவதும் சிறிய வேலைகள்தாம். ஆனால் இவற்றில் ஒன்று தவறினாலும் எல்லோருடைய அரைமணி நேரமும் போய்விடும்.

இருட்டைக் கண்டு அஞ்சும் சிறு குழந்தை உடன் வருமானால் அமாவாசையை விட்டுவிட்டு, அதற்கு நான்கு நாள் கழித்து வரும் இரவைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பது என் கருத்து. அன்று பிறை சூரியன் மறைந்து ஏறத்தாழ மூன்று மணி நேரம் வானில் இருக்கும்; அதன் பள்ளங்களையும், பூமியின் ஒளிபட்டு மங்கலாகத் தெரியும் மறுபகுதியையும் பைனாகுலரில் காட்டலாம். நிலவு சாயச்சாய இருள் படிப்படியாகவே கூடும் என்பதால் குழந்தையும் அதனோடு சேர்ந்து பழகிவிடும்.