முதல் டென்னிஸ் போட்டிக்கு முந்தைய வாரம்: எங்கள் குடும்பக் குழுவில்

வெள்ளிக்கிழமை

அம்மா, மாலை 6.12
அனைவருக்கும் வணக்கம். 12 வயதுக்குட்பட்டோர் பிரிவின் தகுதிச் சுற்றில் நிலாவின் பெயர் வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை காலை நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கில் அவளுடைய முதல் ஆட்டம். அகில இந்திய டென்னிஸ் சங்கப் பதிவு எண்ணையும் பிறப்புச் சான்றிதழையும் எடுத்து வைத்துவிட்டேன். இந்த ஒரு வாரத்தில் எதைப் பயிற்சி செய்வது என்றுதான் தெரியவில்லை. அண்ணி, உங்கள் மகள் நிறையப் போட்டிகளில் ஆடியவள் அல்லவா, அவளைக் கொஞ்சம் சொல்லச் சொல்லுங்கள்.

தாத்தா, மாலை 6.20
மிகுந்த மகிழ்ச்சி அம்மா. 1997 முதல் 2017 வரை சென்னை ஓப்பன் நடந்த இடம் அது. 2022இல் அங்கே நடந்த மகளிர் போட்டியின் இறுதி ஆட்டத்தில் 17 வயது லிண்டா ஃப்ருவிர்தோவா முதல் செட்டை, அதாவது ஆட்டத்தின் முதல் பகுதியை, 4-6 என்று இழந்த பிறகு 6-3, 6-4 என வென்று பட்டம் பெற்றார். முதல் செட் போனாலும் ஆட்டம் போய்விடாது என்பதை நிலா நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

அக்கா, மாலை 6.41
மாமி, சர்வையோ (புள்ளியைத் தொடங்கும் அடி) பேக்ஹேண்டையோ (புறங்கை முன்னே இருக்கும்படி அடிப்பது) திருத்த ஒரு வாரம் போதாது; இப்போது கை வைத்தால் இருக்கிற பழக்கமும் குலைந்துவிடும். முதல் போட்டியில் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் அடிகளில் அன்று. இத்தகைய போட்டிகளின் தொடக்கச் சுற்றுகளில் பெரும்பாலும் ஆட்டத்துக்கென்று தனி நடுவர் அமர்ந்திருக்க மாட்டார். எண்ணிக்கை வைத்துக்கொள்வதும், பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று சொல்வதும், கருத்து வேறுபட்டால் பேசித் தீர்ப்பதும் ஆடுகிற இருவரின் பொறுப்பு. பயிற்சியில் இவற்றையெல்லாம் பயிற்சியாளரே சொல்லிவிடுவதால், நிலா அவற்றைத் தானாகச் செய்து பார்த்திருக்க வாய்ப்பில்லை. இந்த வாரம் முழுவதையும் அதற்கே கொடுங்கள் என்பேன்.

நிலா, மாலை 6.45
அக்கா, எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. பந்து கோட்டில் பட்டதா இல்லையா என்று எனக்கே சரியாகத் தெரியாவிட்டால் என்ன சொல்வது?

அக்கா, மாலை 6.58
வலைக்கு உன் பக்கத்தில் விழும் பந்துக்கு நீதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். எதிராளியின் பக்கத்துக்கு அவள் சொல்வாள். கோட்டைத் தொட்டாலே பந்து உள்ளே என்றுதான் கணக்கு. வெளியே விழுந்தது உறுதியாகத் தெரிந்தால், விழுந்த உடனே அவளுக்குக் கேட்கும்படி உரக்க "அவுட்" என்று சொல். சந்தேகம் இருந்தால் பந்து உள்ளே என்று எடுத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடர வேண்டும். சந்தேகத்தின் பலன் எப்போதும் எதிராளிக்கே என்பது விதி. ஒருமுறை "அவுட்" என்று சொல்லிவிட்டு, பிறகு உள்ளேதான் விழுந்தது என்று உணர்ந்தால் தயங்காமல் ஒப்புக்கொள். அந்தப் புள்ளியை மறுபடி ஆடுவீர்கள். அவள் அடித்தது நீ எட்டவே முடியாத வெற்றி அடியாக இருந்தாலோ, அதே ஆட்டத்தில் நீ முன்பும் அப்படித் தவறாகச் சொல்லியிருந்தாலோ மட்டும் புள்ளி அவளுக்குப் போகும்.

நிலா, மாலை 7.02
அவள் தவறாகச் சொன்னால்?

அக்கா, மாலை 7.11
ஒருமுறை பணிவாக "உறுதியாகப் பார்த்தாயா?" என்று கேள். ஆம் என்றால் விட்டுவிட்டு அடுத்த புள்ளிக்குப் போய்விடு. அங்கே இருப்பது கடினத் தளம். பந்தின் தடத்தைச் சோதிப்பது மண் தளத்தில் மட்டுமே உண்டு என்பதால், வலையைத் தாண்டிப் போய் இடத்தைக் காட்டுவதில் பயனில்லை. மீண்டும் மீண்டும் அப்படி நடந்தால் ஆட்டத்தை நிறுத்தித் தலைமை நடுவரையோ அவருடைய உதவியாளரையோ அழைத்து வரலாம். அது புகார் சொல்வதாகாது, உனக்குள்ள உரிமை. வெட்கப்பட்டுக்கொண்டு அழைக்காமல் இருந்துவிடாதே.

எண்ணிக்கையில் இன்னும் கவனம் வேண்டும். நீ சர்வ் போடும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் எண்ணிக்கையை உரக்கச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லிக்கொண்டே வந்தால் சண்டைக்கு இடமே இருக்காது. அப்படியும் நீ 40-30 என்றும் அவள் 30-40 என்றும் சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள் (30 என்றால் இரண்டு புள்ளி, 40 என்றால் மூன்று). அமைதியாக ஒவ்வொரு புள்ளியாகத் திரும்பிப் பாருங்கள். முதல் புள்ளி யாருடையது என்பதில் மட்டும்தான் கருத்து வேறுபாடு என்றால், மற்ற நான்கில் ஆளுக்கு இரண்டு என்று இருவருமே ஒப்புக்கொள்வதால் 30-30இலிருந்து தொடர வேண்டும். இருவரும் ஏற்கும் புள்ளிகள் நிலைக்கும். ஏற்காததை மட்டும் மறுபடி ஆட வேண்டும். எவ்வளவு நியாயமான ஏற்பாடு பார்!

அப்பா, மாலை 7.20
நான் வேலி ஓரமாக நின்று விரலால் எண்ணிக்கையைக் காட்டினால் அவளுக்கு உதவியாக இருக்குமே?

அக்கா, மாலை 7.26
வேண்டாம் மாமா. எண்ணிக்கையிலும் கோட்டுத் தீர்ப்பிலும் பெற்றோர் தலையிடக் கூடாது. அதைவிட முக்கியமாக, ஒருமுறை உங்கள் முகத்தைப் பார்த்துப் பழகிவிட்டால் அவள் ஒவ்வொரு புள்ளிக்கும் வேலியையே பார்ப்பாள். சற்றுத் தள்ளி அமர்ந்து, இருவரின் நல்ல அடிகளுக்கும் கைதட்டுங்கள். ஆட்டம் முடிந்ததும் உடனே குறைகளைச் சொல்ல வேண்டாம், சாப்பிட்டு முடிக்கட்டும்.

அத்தை, மாலை 7.34
சாப்பாட்டைப் பற்றி நானும் சொல்லிவிடுகிறேன். ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே இட்லி கொடுத்துவிடுங்கள் அண்ணி. பையில் வாழைப்பழமும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் இருக்கட்டும். நம் ஊர் வெயிலில் தாகம் எடுத்த பிறகு குடித்தால் தாமதமாகிவிடும். தொப்பியும் இரண்டு ஜோடிக் காலுறைகளும் மறக்க வேண்டாம்.

அம்மா, மாலை 7.38
சரி அண்ணி. மட்டைக்குப் புது நரம்பு கட்ட வேண்டுமா?

அக்கா, மாலை 7.45
கட்டுவதானால் நாளைக்கே கட்டிவிடுங்கள் மாமி, முந்தின நாள் வேண்டாம். நான்கைந்து நாள் அடித்து அவள் கைக்குப் பழக வேண்டும். நரம்பு அறுந்தால் மாற்றிக்கொள்ள இரண்டாவது மட்டை அவசியம். அதிலும் அதே நரம்பு, அதே இழுவிசை இருக்கட்டும்.

நிலா, மாலை 7.50
டாஸில் வென்றால் சர்வைத்தான் எடுக்க வேண்டுமா அக்கா?

அக்கா, மாலை 7.57
இல்லை. சர்வ் போடுவதையோ எதிர்கொள்வதையோ தேர்ந்தெடுக்கலாம், எந்தப் பக்கம் என்று தேர்ந்தெடுக்கலாம், எதிராளியையே முதலில் முடிவெடுக்கச் சொல்லலாம். உன் சர்வ் சூடு பிடிக்கச் சற்று நேரமாகும் என்பதால், முதலில் எதிர்கொள்வதே உனக்கு நல்லது என்று நினைக்கிறேன். ஆட்டத்துக்கு முன் கிடைக்கும் ஐந்து நிமிடப் பயிற்சியில் சர்வ் போட்டுப் பார்த்து, வெயில் கண்ணில் அடிக்கிறதா என்று கவனித்துக்கொள்.

நாளை மாலை 5 மணிக்கு நான் ஆடுகளத்துக்கு வருகிறேன். உன் வயதுத் தோழி ஒருத்தியையும் அழைத்து வா. நீங்கள் இருவரும் ஒரு முழு செட் ஆடுங்கள். எண்ணிக்கையையும் தீர்ப்பையும் நீங்களே சொல்ல வேண்டும், நான் வாய் திறக்க மாட்டேன்.

நிலா, மாலை 8.01
சரி அக்கா, தோழியை அழைத்து வருகிறேன். 6-6 என்று சமமாகி, செட்டை முடிவு செய்யும் டை-பிரேக் வரை போனால் எண்ணிக்கை குழம்பிவிடுமே?

அக்கா, மாலை 8.04
முதலில் சர்வ் போடுபவர் ஒரு புள்ளிக்கு மட்டும் போடுவார், அதன்பின் எதிராளியில் தொடங்கி மாறி மாறி இரண்டிரண்டு புள்ளிகளுக்கு. ஆறு புள்ளிகளுக்கு ஒருமுறை பக்கம் மாற வேண்டும். செட் முடிந்ததும் தனியாக இரண்டு டை-பிரேக் ஆடிப் பார்ப்போம்.