திக்னஸரில் டஸ்ட் கலெக்டர் இழுவை போதவில்லை: 3 ஹெச்பி வாங்கலாமா?

சீவுளி:
12×18 அடி பட்டறை. 2 ஹெச்பி சிங்கிள் ஃபேஸ், ஒற்றைப் பை டஸ்ட் கலெக்டர் (மரத்தூளை உறிஞ்சிப் பையில் சேர்க்கும் மெஷின்). 110 மி.மீ பிவிசி பைப் 24 அடி, 90 டிகிரி எல்போ நாலு, கடைசியில் 8 அடி ஃப்ளெக்ஸிபிள் ஹோஸ். ஒவ்வொரு மெஷினுக்கும் கேட் (காற்றை அடைக்கும் தடுப்பு) இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் டேபிள் சாவில் குறையில்லை. திக்னஸரில் (பலகையைச் சீவி ஒரே கனத்துக்குக் கொண்டுவரும் மெஷின்) 10 இன்ச் பலகை விட்டால் சீவல் பாதி தரையில், மீதி ஹோஸில் அடைக்கிறது. 3 ஹெச்பி போட்டால் சரியாகுமா?

ஆரக்கால்:
இப்போதைக்கு வாங்காதீங்க. குறை பைப்பிலா பையிலா என்று முதலில் பாருங்க. கலெக்டர் வாய்க்கு 2 அடி முன்னால், நேர்ப் பைப்பில் 3 மி.மீ ஓட்டை போடுங்க. கொத்தனார் லெவல் டியூபை யூ வடிவில் பலகையில் கட்டி, பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை ஓட்டையின் மேல் ஒட்டிப் பிடிங்க. உள்ளே நீட்டினால் அளவு தப்பும். இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்தின் வித்தியாசம்தான் உறிஞ்சு அழுத்தம். எல்லா கேட்டையும் மூடி ஒரு தடவை, திக்னஸர் கேட்டை மட்டும் திறந்து ஒரு தடவை. கூடவே ஒற்றை வயரில் கிளாம்ப் மீட்டர் மாட்டி ஆம்பியர் குறிச்சுக்குங்க.

கேட்டைத் திறந்தபோதும் அழுத்தம் மூடிய அளவுக்குப் பக்கத்திலேயே நின்றால் பைப்பில் தடை. அழுத்தமும் ஆம்பியரும் சேர்ந்து குறைந்தால் பை அடைத்திருக்கிறது. அழுத்தம் குறைந்து ஆம்பியர் ஏறினால் எங்கோ பெரிய ஒழுகல். இந்த மாதிரி புளோயரில் காற்று அதிகம் போனால்தான் மோட்டார் அதிகம் இழுக்கும். வாயை அடைத்தால் ஆம்பியர் இறங்கும். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

சீவுளி:
மூடினால் 8.5 இன்ச், திறந்தால் 7. ஆம்பியர் 6.5, மோட்டார் பிளேட்டில் 10 என்று இருக்கிறது.

ஆரக்கால்:
அப்போ பைப்தான். மோட்டாரைத் தொட வேண்டாம்.

குழாய்க்கணக்கு:
சீவல் படியாமல் ஓட பைப்பில் நிமிடத்துக்கு 4000 அடி வேகம் வேணும். அந்த வேகத்தில் 4 இன்ச் பைப் கடத்துவது 350 சி.எஃப்.எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று); 6 இன்ச் 785. அகலப் பலகைக்கு 350 பத்தாது. அதற்கு மேல் 4 இன்ச்சில் திணித்தால் உராய்வு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 3 ஹெச்பி அங்கேதான் வீணாகும்.

மெயின் லைனை 160 மி.மீ எஸ்டபிள்யூஆர் (கழிவுநீர், மழைநீருக்கான பிவிசி) பைப்பாக திக்னஸர் வரை கொண்டு போங்க. கலெக்டர் வாயில் இரட்டை 4 இன்ச் ஒய் (Y வடிவ இணைப்பு) மாட்டியிருந்தால் கழற்றிப் பாருங்க. பல மாடல்களில் உள்ளே 5 அல்லது 6 இன்ச் வாய் இருக்கும். 90 எல்போவுக்குப் பதில் இரண்டு 45, நடுவில் ஓரடி நேர்ப் பைப். கிளைக்கு டீ (T வடிவ இணைப்பு) போடாதீங்க. 45 டிகிரி ஒய், சாய்வு காற்று போகும் திசையில். ஹோஸ் ஓரடி, ஒன்றரை அடி போதும். அதன் உள் வளையங்கள் அதே நீள நேர்ப் பைப்பைவிட இரண்டு மூன்று மடங்கு தடை தரும். மூட்டுகளில் சால்வென்ட் வேண்டாம், சிலிகான் போதும். அடைத்தால் கழற்றணுமே.

ஒரு சிக்கல்: டேபிள் சாவின் 4 இன்ச் கிளை மட்டும் திறந்திருந்தால் 160 மெயினில் வேகம் 1800 அடிக்கும் கீழே விழும், தூள் அடியில் படியும். அப்போது இன்னொரு கேட்டையும் பாதி திறந்து வைங்க.

சீவுளி:
திக்னஸர் வாயே 4 இன்ச்தான். 160 போட்டு என்ன பிரயோஜனம்?

குழாய்க்கணக்கு:
குறுகல் அரை அடிக்கு மட்டும் இருந்தால் இழப்பு சின்னது, 30 அடிக்கும் இருந்தால்தான் பெரிசு. ரெடியூசரை மெஷின் வாயிலேயே வைங்க, மெயினில் வைக்காதீங்க.

நுண்தூசி:
பைப் மாற்றியதும் காற்று கூடும், பை அதைத் தாங்கணும். முதலில் பையை வெளியே மாஸ்க் போட்டுத் தட்டுங்க. துணிப் பை 30 மைக்ரான் (அதைவிடப் பெரிய தூளை மட்டும் பிடிப்பது) என்றால் மூச்சுக்குள் போகும் தூள் அறைக்கே திரும்பும். 1 மைக்ரான் மடிப்பு கார்ட்ரிட்ஜில் வடிகட்டும் பரப்பு அதிகம், தடையும் குறைவு. கீழ்ப் பையைப் பாதிக்கு மேல் நிரம்ப விடாதீங்க. பட்டறைக் கதவு ஜன்னல் எல்லாம் மூடியிருந்து, கலெக்டர் காற்றை வெளியே தள்ளினால் உள்ளே வர வழி வேணும், இல்லாவிட்டால் இழுவை திரும்பக் குறையும்.