வரப்பில் ஓடும் ஓநாய்ச் சிலந்திகள்: கொஞ்சம் வழிகாட்டுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். ராத்திரி வயலுக்குப் போனால் நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் வரப்பெங்கும் புள்ளி புள்ளியாக மின்னும். எல்லாம் ஓநாய்ச் சிலந்திகளின் கண்கள். புகையான் பூச்சியைத் தின்று நெல்லைக் காக்கும் இவற்றின் மேல் எனக்குத் தனிப் பிரியம். வலையை நம்பாமல் ஓடிப் பிடிப்பவை. எட்டுக் கண்கள் போதாதென்று, கால் முடிகளால் காற்றின் அசைவையும் கால்களிலுள்ள நுண்ணிய பிளவுகளால் தரையின் அதிர்வையும் உணர்கின்றன.

அமெரிக்காவில் பார்டோசா மில்வினா என்ற சிறிய இனத்தை வைத்துச் செய்த சோதனை என்னை அசத்திவிட்டது. டைக்ரோசா ஹெல்லுவோ என்ற பெரிய ஓநாய்ச் சிலந்தியின் நூலும் எச்சமும் படிந்த தாளில் விட்டதும் சிறியது நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. எதிரி அங்கே இல்லவே இல்லை, தடயம் மட்டும்தான்!

இதை எங்கள் வரப்புச் சிலந்திகளிடம் மகளோடு சேர்ந்து செய்து பார்க்க ஆசை. பெரிய சிலந்தியைத் தாளில் எத்தனை மணி நேரம் விட்டுவைக்க வேண்டும்? இரை தேடும்போது கண்ணை நம்புகிறதா, அதிர்வையா என்று வீட்டிலேயே பிரித்தறிய வழி உண்டா? அப்புறம், முட்டைப் பை சுமப்பவற்றைத் தொடாமல் விடுவதுதானே சரி? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். பிடித்தவற்றை மறுநாளே அதே வரப்பில் விட்டுவிடுவோம்.