குந்தா படுகை: கணக்கில் வரும் மண் அணைக்கு ஏன் வரவில்லை?

கேள்வி:
நீலகிரியில் குந்தா படுகைக்கு மண் அரிப்பைக் கணக்கிடும் ரஸ்ல் (RUSLE) சமன்பாட்டை ஓட்டினேன். மழை, மண், பயிர் எல்லாம் கொடுத்தாயிற்று. சரிவுக்கு 30 மீட்டர் கட்டங்களாக உள்ள உயரத் தரவு. கேரட் தோட்டங்கள் வரைபடத்தில் அரிப்பு அதிகம் என்று சிவந்து நிற்கின்றன. ஆனால் கணக்கில் வந்த மொத்த மண் அணையில் படிந்த வண்டலைவிடப் பல மடங்கு. எங்கே தவறு?

பதில் 1:
தவறில்லை தம்பி. ரஸ்ல் சொல்வது சரிவிலிருந்து பெயரும் மண்ணை மட்டும். வரப்பு, புல், பள்ளம் என்று வழியிலேயே நிறையத் தங்கிவிடும். வண்டல் சேரும் விகிதத்தால், அதாவது பெயர்ந்த மண்ணில் அணை வரை வந்து சேரும் பங்கால், பெருக்குங்கள்.

பதில் 2:
நிலச்சரிவும் ஓடை அரிப்பும் ரஸ்லில் கிடையாது. நீலகிரியில் அவற்றை விட்டால் கணக்கு நிற்காது.

கேட்டவர்:
நன்றி அண்ணா. நேற்று ஒரு தோட்டத்துக்கே போனேன். கீழ்வரப்பில் முழங்கை ஆழத்துக்கு மண். ஒரு அம்மா அதைக் கூடையில் அள்ளி மேலே கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தார். அந்த இடத்துக்குக் காப்புக் காரணி 1 என்று, அதாவது ஒரு பாதுகாப்பும் இல்லை என்று, போட்டிருந்தேன். முதலில் அதை மாற்றுகிறேன்.