‘பிரிக்கப்படாத பங்கு’க்கு மாற்றாக ‘வீடுசேர் பங்கு’

வணக்கம். அடுக்ககத்தில் வீட்டோடு கிடைக்கும் நில உரிமையை ‘பிரிக்கப்படாத பங்கு’ என்று எழுதிவருகிறோம். பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் பாகம் பிரியாத குடும்பச் சொத்துக்கும் இதே பேச்சுத்தான். சிக்கல் அங்கேதான். குடும்பச் சொத்தில் பங்காளி எவரும் பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போடலாம். கேரளத்தின் 1983-ஆம் ஆண்டு அடுக்கக உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பிரகடனம் (கட்டடத்தை இச்சட்டத்துக்கு உட்படுத்தும் ஆவணம்) பதிவான கட்டடத்தில் அது நடக்காது. நிலத்தைப் பிரித்துத் தா என்று கேட்க முடியாது. பங்கை மட்டும் தனியே விற்கவும் முடியாது. வீட்டை விற்றால், ஆதாரத்தில் (கிரயப் பத்திரத்தில்) எழுதாமல் விட்டாலும், பங்கு கூடவே போய்விடும். ‘இன்னும் பிரிக்கவில்லை, பிறகு பிரிக்கலாம்’ என்று தொனிக்கும் சொல்லை நம்பி ஒருவர் வாழ்நாள் சேமிப்பைப் போடக் கூடாது.

மாற்றாக இரண்டு சொற்களை எண்ணிப் பார்த்தேன். ‘ஒட்டுப் பங்கு’ அழகான சொல். ஆனால் பாலக்காட்டுக் காதுக்கு ‘ஒற்றி’ என்று கேட்கும். மொத்தமாகப் பணம் கொடுத்து வாடகையில்லாமல் குடியிருக்கும் ஒத்திதான் அது. ‘கூட்டவகாசம்’ (கூட்டு உரிமை) அண்ணன் தம்பி சேர்ந்து வாங்கிய தோப்புக்கும் பொருந்திவிடுகிறது.

‘வீடுசேர் பங்கு’ என்று வைக்கலாமே. வினைத்தொகை என்பதால் சேர்ந்த, சேர்கின்ற, சேரும் மூன்றும் அடங்கும். வீடு எத்தனை கை மாறினாலும் பொருந்தும்.

*

சொல் எனக்குச் சம்மதம், அண்ணா. சொல்லுக்கு எழுதும் விளக்கத்தில் கணக்கும் வரவேண்டும். 20 சென்ட் மனை 8,712 சதுர அடி. எல்லா வீடுகளும் சேர்ந்து 20,000 சதுர அடி, நம் வீடு 1,000 என்றால் பங்கு 5 சதவீதம், 435.6 சதுர அடி, அதாவது ஒரு சென்ட். பரப்பளவை வைத்துப் போடும் கணக்கு இது. மேற்படிச் சட்டமோ வீட்டின் மதிப்பை அடிப்படையாக வைக்கிறது. எதை வைத்தாலும் எல்லா வீட்டுப் பங்கையும் கூட்டினால் 100 வரவேண்டும். குறைந்தால், மேலே இன்னொரு தளம் எழுப்பக் கட்டுநர் கொஞ்சம் கையில் வைத்திருக்கிறாரா என்று முன்பணம் கொடுக்குமுன் கேட்டாக வேண்டும். பிரகடனத்தில் ஏறிய சதவீதத்தை எல்லா உரிமையாளரும் ஒப்பாமல் மாற்ற முடியாது.

பொதுச் செலவும் இதே சதவீதத்தில்தான் விழும். பராமரிப்புக் கட்டணத்தைக் குடியிருப்பவர் கட்டுவதாக வாடகைச்சீட்டில் எழுதியிருந்தாலும், பாக்கி நின்றால் சங்கம் உரிமையாளரைத்தான் பிடிக்கும்.

கேரள ஆதாரங்களில் ஆர் (100 சதுர மீட்டர்) கணக்கும் வருவதால் மாதிரி வரி இப்படி இருக்கட்டும்: ‘5 சதவீத வீடுசேர் பங்கு, 1 சென்ட், 0.4047 ஆர்.’